மூன்றரை மணிக்குள் ஒரு கையெழுத்து

போன கிழமை நிரூபாவின் வீட்டில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சட்டியோடு ஆறிப்போன இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். அன்றைக்கு வராதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டுப் போவோம்.

நிரூபாவின் ஒரே மகள் துர்க்கா. பிக்கரிங்கில் பதினோராம் வகுப்பு. இடைத்தவணை அறிக்கை வந்தது. கணக்கில் தொண்ணூறு, உயிரியலில் எண்பத்தெட்டு. தானாக விரும்பி எடுத்த அமெரிக்க வரலாற்றில் மட்டும் அறுபத்துநான்கு. தகப்பன் அன்புராசா அந்த ஒரு எண்ணைத்தான் பார்த்தான். பார்த்த கையோடு யூனியன்வில்லில் இருக்கும் தமையன் இராஜரட்ணத்துக்குப் போன் எடுத்தான். தமையன் தன் இரண்டு பிள்ளைகளையும் என்ஜினியராக்கிவிட்டவர். அவர் தீர்ப்புச் சொல்ல இரண்டு நிமிடமும் எடுக்கவில்லை. "பாடத்தை விடச் சொல்லு. அந்த நேரத்தில கெமிஸ்ற்றி படிக்கட்டும்." துர்க்கா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

பாடத்தை விடுவதற்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் விட்டால் அந்தப் பாடம் இருந்த தடமே தெரியாது. கெடு தாண்டினால், பிறகு விட்டாலும் அறுபத்துநான்கு சான்றிதழில் நின்று கொண்டே இருக்கும். அந்தக் கெடு இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரை. தாயோ தகப்பனோ பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும்.

நாங்கள் இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்குள் நுழைகிறோம்.

நிரூபா மோர்னிங்சைட் பார்மசியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் கார்த் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, இறங்காமல் இருந்தாள். கண்ணாடியில் பனி பூப்பூவாக விழுந்து உருகிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. அன்புராசா. டவுன்ரவுனில் ஒரு உயரக் கட்டடத்தின் ஹீற்றரும் ஏசியும் அவன் பொறுப்பு. பின்னால் ஏதோ மெஷின் இரைந்தது.

"போய்ச் சேர்ந்திட்டீரே?"

"ஓம். வாசல்ல நிக்கிறன்."

"கையெழுத்து வைச்சிட்டு எனக்கொரு மெசேச் போடும். அண்ணையும் கேட்டவர்."

"பிள்ளை மூண்டு நாளா என்னோட ஒரு சொல் கதைக்கேல்லையப்பா."

"கோவம் ரெண்டு நாளில போகும். மார்க் போகாது."

"அவள் ஏன் விடமாட்டன் எண்டவள் எண்டாவது கேட்டனீங்களே?"

"அமெரிக்காக்காரன்ர சரித்திரம் எங்களுக்கு என்னத்துக்கு நிரூ? நாங்கள் இருக்கிறது கனடாவில. வந்தது யாழ்ப்பாணத்தில இருந்து. நடுவில அவன் ஆர்?"

உண்மையைச் சொன்னால் நிரூபாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. "சரி, வைக்கிறன்" என்று போனை வைத்தாள்.

ஆலோசகரின் அறையில் இருந்த இளம்பெண் நல்ல மாதிரி. தாளை எடுத்து மேசையில் வைத்தாள், பேனையையும் வைத்தாள். பிறகு ஒன்று சொன்னாள். கையெழுத்துக்கு முதல் பாட ஆசிரியரைப் பெற்றோர் ஒருமுறை கண்டு கதைத்தால் நல்லது, அவருக்கு இது ஓய்வு நேரம், மேல்மாடியில் இருக்கிறார்.

"கட்டாயமோ?" என்று நிரூபா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கட்டாயமில்லை. ஆனால் மிஸ் பூஷார் உங்களைக் காண விரும்பினார். இரண்டு முறை ஈமெயில் போட்டவராம்."

ஈமெயில்கள் அன்புராசாவின் விலாசத்துக்குத்தான் போகும். அவன் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நிரூபா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

பூஷார் என்பது குடும்பப் பெயர். முதற்பெயர் செலீன் என்று துர்க்கா சொல்லியிருந்தாள். நாங்கள் படித்த ஊர்களில் ஆசிரியைகளை முதற்பெயரோடு ரீச்சர் சேர்த்துத்தானே கூப்பிடுவது? நிரூபாவுக்கும் அவர் செலீன் ரீச்சர்தான். மெலிந்த, கண்ணாடி போட்ட, தலை பாதி நரைத்த பெண். எழுந்து வந்து கை கொடுத்தார்.

நிரூபாவின் ஆங்கிலம் பார்மசி ஆங்கிலம். எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எந்தக் குளிசை பின் என்று சொல்ல அது காணும். பிள்ளைக்காக வாதாட அது காணுமா என்ற பயத்தோடு கதிரையின் நுனியில் இருந்தாள்.

"முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்றார் ரீச்சர்.

நிரூபா திகைத்தாள். அறுபத்துநான்கு எடுத்த பிள்ளையின் தாய்க்கு என்ன நன்றி?

"துர்க்கா வகுப்பில் கேட்கும் கேள்விகளுக்காக நான் வீட்டில் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் அப்படிப் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான்."

"அப்ப மார்க்?" இந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து முந்திக்கொண்டு வந்தது.

ரீச்சர் ஒரு கட்டுரையை எடுத்து அவள் முன் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓரமெல்லாம் பச்சை மையில் சின்னச் சின்ன எழுத்து. 'இதை எங்கே கண்டுபிடித்தாய்?' 'இந்த இடத்தில் நான் உன்னோடு உடன்படவில்லை, ஆனால் நன்றாக வாதாடுகிறாய்.' 'இந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.'

நிரூபா முதற் பத்தியை மெல்ல மெல்ல வாசித்தாள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பு மக்கள் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டார்களாம். விற்கப்பட்ட பிள்ளையைத் தேடித் தாய், பிரிக்கப்பட்ட தமையனைத் தேடித் தங்கை. பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். வருடக்கணக்காகப் போட்டார்களாம். இந்த விளம்பரங்களை வாசிக்காமல் அமெரிக்கச் சுதந்திரத்தைப் பற்றி எழுத முடியாது என்பது துர்க்காவின் வாதம்.

பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். நிரூபாவுக்கு அந்த மூன்றும் மனப்பாடம். வன்னியில் காணாமற்போன தம்பி ஜனார்த்தனுக்காக அவள் எத்தனை இடத்துக்கு அப்படி எழுதியிருக்கிறாள். போன கோடையில் துர்க்கா ஒருநாள் வந்து, "மாமாவைப் பற்றி எழுதேக்க என்னென்ன எழுதுவீங்கள் அம்மா?" என்று கேட்டதும், தான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

நடுவில் அவன் ஆர் என்று கேட்டாயே அன்பு, என்று மனதுக்குள் சொன்னாள். ஆர் எண்டு உன்ர மகளுக்குத் தெரிஞ்சிருக்கு.

"எழுத்துக்கும் சிந்தனைக்கும் நான் போட்டது எண்பத்தெட்டு" என்றார் ரீச்சர். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "ஆனால் மூன்று நாள் பிந்தித் தந்தாள். ஒரு நாளுக்குப் பத்துப் புள்ளி குறைப்பேன் என்று வருடத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்தெட்டாகிவிட்டது. அதுதான் மொத்தத்தையும் இழுத்தது."

"பிந்தினதோ? என்ர மகளோ?"

"எனக்கும் ஆச்சரியம்தான். ஏன் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. 'என் பிழை, மிஸ்' என்று மட்டும் சொன்னாள்."

"எப்ப தர வேண்டியது?"

"செப்ரெம்பர் கடைசித் திங்கட்கிழமை. தந்தது வியாழக்கிழமை இரவு."

நிரூபா விரலை மடித்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலாவது விரல் மடியுமுன்னே அவளுக்கு விளங்கிவிட்டது.

இந்த வருடம்தான் சொந்த வீட்டில் முதல் நவராத்திரி. முந்தி இருந்த மோர்னிங்சைட் அப்பார்ட்மெண்டில் அலுமாரித் தட்டில் வைத்த சாமிகளுக்கு, பிக்கரிங் வீட்டில் ஒரு தனி அறை. நிரூபா கும்பம் வைத்து, ஒன்பது நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் பிடித்தாள். சரஸ்வதிக்குரிய கடைசி மூன்று நாள் பிறந்ததும், திங்கட்கிழமை பின்னேரம் மகளைக் கூப்பிட்டாள். "புத்தகங்களைக் கொண்டு வா பிள்ளை, பூசையில வைக்க."

"எது அம்மா? எல்லாம் லப்டொப்பிலதானே."

"அப்ப அதையும் கொண்டு வா. இப்ப நீ எழுதிக்கொண்டிருக்கிறதில ஆக முக்கியமானது எது? அதைக் கட்டாயம் வை."

துர்க்கா இந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். முடிவுரைதான் பாக்கி என்று சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின சனி ஞாயிறு முழுக்க மார்க்கம் நகரில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில் போய்விட்டது. நிரூபா கட்டுரைக்கும் லப்டொப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"எப்ப எடுக்கலாம் அம்மா?"

"விஜயதசமி அண்டைக்கு, வியாழக்கிழமைப் பூசை முடிய. அதுக்கு முதல் தொடக்கூடாது. தொட்டால் வைச்ச பலன் இல்லை."

அப்போது துர்க்கா ஒரு கணம் நின்றாள். அந்த நிற்பை நிரூபா கண்டாள், விளங்கவில்லை. "சரி அம்மா" என்று போய்விட்டாள். அன்றைக்கு இரவுதான் கெடு என்று ஒரு சொல் சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்மசி ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? நிரூபா சொன்னாள். தடக்கித் தடக்கிச் சொன்னாள். சாமி என்றாள், படிப்புக்குத் தெய்வம் என்றாள், வைத்தால் எடுக்கக்கூடாது என்றாள். "நான்தான் வைச்சனான். மகள் பிந்தேல்லை. நான்தான் பிந்த வைச்சது" என்று முடித்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

செலீன் ரீச்சர் சிரிக்கவில்லை. "துர்க்காவை நான் கூப்பிடலாமா?" என்று கேட்டார்.

துர்க்கா லைப்ரரியில் இருந்து வந்தாள். வாசலில் தாயைக் கண்டதும் முகம் இறுகியது.

"சைன் பண்ணியாச்சா?"

"இரு பிள்ளை."

"சரஸ்வதி பூசையைப் பற்றி அம்மா சொன்னார்" என்றார் ரீச்சர்.

துர்க்கா தாயைப் பார்த்தாள். "அம்மா. வை டிட் யூ டெல் ஹெர்?"

"சொல்லாமல்? முப்பது மார்க்கைக் கொண்டுபோய்ச் சாமியறையில கட்டி வைச்சிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய்."

"சமய நாட்களுக்கு முன்கூட்டியே சொன்னால் நான் திகதியை மாற்றித் தருவேன் என்று முதல் நாளே சொன்னேன் அல்லவா?" ரீச்சரின் குரலில் கண்டிப்பும் இருந்தது, கனிவும் இருந்தது. "ஏன் சொல்லவில்லை?"

"அது அன்றைக்குப் பின்னேரம்தான் எனக்கே தெரியும், மிஸ். எங்கள் வீட்டில் முந்தி இப்படிப் பெரிதாகச் செய்வதில்லை."

"அடுத்த நாள் சொல்லியிருக்கலாமே."

துர்க்கா கையிலிருந்த பையின் வாரை முறுக்கினாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "நான் அதைச் சொன்னால் வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை. அம்மா ஒன்பது நாள் சாப்பிடாமல் இருந்தது எனக்காக. அதைப் பார்த்து ஒருவர் சிரிப்பதை நான் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன்."

கீழே எங்கோ பந்து தட்டும் சத்தம் கேட்டது.

"ஒருநேரம் சாப்பிட்டனான்" என்று நிரூபா மெல்லத் தமிழில் சொன்னாள்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் ஒரே விதி. அதை நான் தனியாக மாற்ற முடியாது. என் துறைத் தலைவரோடு கதைக்க வேண்டும். அவர் இன்று இல்லை. திங்கட்கிழமைதான் சொல்வேன். மாறும் என்று வாக்குத் தரமாட்டேன். கேட்பேன் என்று வாக்குத் தருகிறேன்." கட்டுரையைத் துர்க்காவிடம் நீட்டினார்.

நிரூபா எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். கை கொடுக்க வேண்டும் என்பது பிறகுதான் நினைவு வந்தது. மார்க் மாறினாலும் மாறாவிட்டாலும், தன் பிள்ளை எழுதின ஒவ்வொரு வரியையும் முன்பின் தெரியாத ஒரு பெண் இரண்டு தரம் வாசித்து ஓரத்தில் பதில் எழுதியிருக்கிறாள். அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்கிக் கொடுப்பது?

கீழே ஆலோசகரின் அறைக்கு வெளியே தாயும் மகளும் நின்றார்கள். சுவரில் மணி மூன்றரைக்குக் கொஞ்சம் முந்தியிருந்தது.

திங்கட்கிழமை புள்ளி மாறலாம். மாறாமலும் விடலாம். கெடு இன்றைக்கு. கையெழுத்து வைக்காமல் விடுவதென்றால், இனி இந்த அறுபத்துநான்கை அழிக்க முடியாது என்று தெரிந்துதான் விட வேண்டும்.

"சைன் பண்ணுங்கோ அம்மா" என்றாள் துர்க்கா. "அப்பாவோட சண்டை வேண்டாம். இட்ஸ் ஓகே."

"சண்டையை நான் பாக்கிறன். உனக்கு என்ன வேணும்?"

"அது மேட்டர் இல்லை."

"துர்க்கா. மூண்டு நாளா வாய் திறக்கேல்லை. இப்ப திறந்து சொல்லு."

துர்க்கா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். "அடுத்த யூனிற் முதல்லயே படிச்சிட்டன்" என்றாள். "ஐ வோன்ட் டு ஸ்டே."

நிரூபா கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். உள்ளே போய், கையெழுத்து வைக்காத இடம் மேலே தெரிய, மேசையில் வைத்தாள். "நன்றி. இது தேவைப்படாது" என்றாள். அந்த இளம்பெண் சிரித்துவிட்டு அதைக் குப்பைக் கூடைக்குள் போட்டாள்.

காருக்குள் ஏறியதும் அன்புராசாவின் மெசேச் இரண்டு வந்து கிடந்தது. நிரூபா ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. நான் எடுத்துத் தந்திருப்பனே."

"எடுத்துத் தந்திருப்பீங்கள். பிறகு பலன் இல்லையெண்டு ஒரு வருஷம் அழுதிருப்பீங்கள்."

நிரூபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது உண்மைதான்."

"லப்டொப்பில இன்னும் குங்குமம் இருக்கு. ஒவ்வொரு நாளும் எஸ் எழுத்தை அமத்தேக்க விரல் சிவக்குது."

"அடுத்த வருஷம் லப்டொப் வேண்டாம். உன்ர போனை வைப்பம்."

"அம்மா, தட்ஸ் வயலன்ஸ்."

ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. நிரூபா மகளின் கையைப் பிடித்தாள். தான் கேட்ட வரம் சரஸ்வதி தந்தாளோ இல்லையோ, கேட்காத ஒன்றைத் தந்திருக்கிறாள் என்று தோன்றியது. தாயைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாதென்று முப்பது புள்ளியை விட்டுக்கொடுத்த பிள்ளை. இது எந்த அறிக்கையில் ஏறும்? ஏறாவிட்டால் என்ன. கண் நிறைந்து, பச்சை விழுந்தது தெரியாமல் இருந்தாள். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"மாமாவைப் பற்றி அதில எழுதியிருக்கிறியே?" என்று கேட்டாள், காரை எடுத்தபடி.

"பேர் போடேல்லை. ஆனா எழுதேக்க நினைச்சனான்."

"போதும் ராசாத்தி."

வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டபோது வெளியே கார் வந்து நின்றது. ஒரு காரல்ல, இரண்டு. யன்னலால் பார்த்தாள். டவுன்ரவுனுக்குப் போய்வரும் கோ ரெயின் ஸ்ரேசனில் இருந்து வந்த அன்புராசாவின் கார், அதன் பின்னால் இராஜரட்ணத்தின் வெள்ளைக் கார். மெசேச்சுக்குப் பதில் வராததால் தமையனையே கூப்பிட்டிருக்கிறான்.

கதவைத் திறந்தாள். அன்புராசா வாசலிலேயே கேட்டான். "வைச்சனீரே?"

"வைக்கேல்லை. வாங்கோ அண்ணை, உள்ள வாங்கோ. குளிருக்குள்ள நிக்காதேங்கோ."

"வைக்கேல்லையோ? மூண்டரை முடிஞ்சுதே நிரூ. இனி ஒண்டும் செய்யேலாது தெரியுமே?"

"தெரியும். தெரிஞ்சுதான் வைக்கேல்லை."

அன்புராசாவின் முகம் கறுத்தது. தம்பியின் தோளில் இராஜரட்ணம் கை வைத்தார். "பொறு. பிள்ளையைக் கேப்பம்" என்று சோபாவில் வந்து இருந்தார். ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கனநேரம் இருக்கிற நோக்கமில்லை என்பது அதிலேயே தெரிந்தது. "துர்க்கா, இஞ்ச வா. உதென்ன கையில?"

"என்ர கட்டுரை, பெரியப்பா. உங்களுக்கு வாசிச்சுக் காட்டட்டே? தமிழில சொல்லிச் சொல்லி வாசிக்கிறன்."

"வாசிக்கிறது பிறகு. முதல் மார்க்கைச் சொல்லு."

துர்க்கா அவருக்கு எதிரே நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, பச்சை மை படிந்த முதற் பக்கத்தை நிமிர்த்தி மடியில் வைத்தாள்.

"மார்க் திங்கட்கிழமைதான் தெரியும், பெரியப்பா. கட்டுரை இண்டைக்கே இருக்கு."

இராஜரட்ணம் ஜக்கெற்றின் சிப்பில் கை வைத்தார். இழுத்துக் கழற்றவா விடவா என்று யோசிக்கிறவர் போல அப்படியே வைத்திருந்தார். அன்புராசா ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்ற மறந்து, வாசலில் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.